எந்தச் சோறு பதம்?

2024 ஜூலையில், ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலைக்கு ஒன்றியத் தொழிலாளர் துறை அதிகாரிகள் விசாரணைக்குப் போனார்கள். மணமான பெண்களை அங்கே வேலைக்கு எடுப்பதில்லை என்பது புகார். அதிகாரிகள் ஆலைக்குள் வேலை செய்யும் மணமான பெண்கள் நாற்பது பேரிடம் பேசினார்கள். பாகுபாடு இருப்பதாக அந்த நாற்பது பேரில் ஒருவரும் சொல்லவில்லை என்று செய்தி வந்தது.

நான் தமிழ் படித்தவள். புள்ளியியல் என் துறை அல்ல. ஆனால் ஒரு வாக்கியத்தில் எழுவாய் யார், செயப்படுபொருள் யார் என்று பார்ப்பது என் தொழில். ‘மணமான பெண்ணை வேலைக்கு எடுக்கவில்லை’ என்ற வாக்கியத்தின் செயப்படுபொருள், எடுக்கப்படாத பெண். அவள் ஆலைக்குள் இருக்க முடியாது. அவளைப் பற்றிய கேள்வியை, அவள் இருக்கவே முடியாத ஓரிடத்தில் போய்க் கேட்டிருக்கிறார்கள்.

அந்த நாற்பது பேரை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் தங்களுக்குத் தெரிந்த உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர்களுக்கு வேலை கிடைத்திருக்கிறது. வேலை செய்யும் இடத்திலேயே வந்து அதிகாரி கேட்டால் வேறென்ன சொல்ல முடியும் என்பது தனிக் கேள்வி. என் கேள்வி அவர்களைத் தேர்ந்தெடுத்த முறையைப் பற்றியது. ஆய்வேடுகளில் மூன்றாம் இயலில் அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிற, நம் மாணவிகள் பழைய ஆய்வேட்டைப் பார்த்து எழுதிவிடுகிற அந்த ‘மாதிரித் தேர்வு’ என்ற பகுதியைப் பற்றியது. அந்த அரைப் பக்கத்துக்குள் எவ்வளவு அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது என்பதை ஸ்ரீபெரும்புதூர் எனக்குக் காட்டியது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூன் 25 அன்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு நீண்ட புலனாய்வை வெளியிட்டது. வேலை தேடி வந்த இரண்டு சகோதரிகளை ஆலையின் வாயிலிலேயே பாதுகாவலர் ‘கல்யாணம் ஆகிவிட்டதா’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பியதில் தொடங்குகிறது அது. ஆளெடுக்கும் முகவர்கள், மனிதவளப் பிரிவில் இருந்தவர்கள், வேலை தேடியவர்கள் எனப் பலரிடம் பேசியிருந்தார்கள். குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அடிக்கடி விடுப்பு ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. மணமான இந்துப் பெண்கள் அணியும் தாலியும் மெட்டியும் உற்பத்திக்கு இடையூறு என்பதும் ஒரு காரணம். நிறுவனம் இதை மறுத்தது. 2022இல் ஆளெடுப்பில் சில குறைகள் இருந்ததாகவும் அவற்றைச் சரிசெய்துவிட்டதாகவும் சொன்னது. உலோக அணிகளுக்கான கட்டுப்பாடு பாதுகாப்புக்காக, எல்லோருக்கும் பொது என்றது. ஒன்றிய அமைச்சகம் 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. பிறகு அந்த நாற்பது பேர்.

எண்களும் வந்தன. ஆலையில் மொத்தம் 41,281 பேர். அவர்களில் பெண்கள் 33,360. பெண்களில் மணமானவர்கள் ஏறத்தாழ 2,750, அதாவது சுமார் 8 விழுக்காடு. புதிதாக எடுத்தவர்களில் 25 விழுக்காட்டினர் மணமான பெண்கள் என்றும் நிறுவனம் அரசிடம் தெரிவித்திருந்தது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதிதாக வருபவர்களில் 25, மொத்தத்தில் 8. ஒன்று, ஆளெடுக்கும் முறை அண்மையில் மாறியிருக்க வேண்டும். அல்லது மணமானவர்கள் உள்ளே வந்து நிலைக்காமல் வெளியேறிக்கொண்டிருக்க வேண்டும். எது என்று எண்ணே சொல்லாது. வாசலில் திரும்பியவள் ஒருத்தி, உள்ளே வந்து போய்விட்டவள் ஒருத்தி. இருவரையும் கேட்டால்தான் தெரியும். நாற்பது பேர் கணக்கில் இருவருமே இல்லை.

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்கிறோம். மாதிரி எடுத்தலைப் பற்றித் தமிழில் இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. இந்தப் பழமொழி எல்லாப் பானைக்கும் பொருந்தாது என்பது சமைக்கிறவர்களுக்குத் தெரியும். ஒரே அரிசி, ஒரே தண்ணீர், சீராக எரியும் அடுப்பு, அடிவரை கிளறிவிட்ட கை, இவ்வளவும் இருந்தால்தான் ஒரு பருக்கை மொத்தப் பானைக்காகவும் பேசும். விறகடுப்பில் அண்டா வைத்துக் கல்யாணச் சோறு வடித்தவர்களைக் கேளுங்கள். அடியில் குழைந்திருக்கும்போது மேலே அரிசி அரிசியாக நிற்கும். பதம் பார்க்கிற கை எங்கிருந்து பருக்கையை எடுக்கிறது என்பதில்தான் பழமொழியின் உயிர் இருக்கிறது. முறத்தில் புடைக்கும்போதே தள்ளிவிட்ட நொய்யைப் பற்றி அது பேசுவதே இல்லை. பானைக்குள் வராததைப் பற்றிப் பானையிலிருக்கும் சோறு எதுவும் சொல்லாது.

புள்ளியியல்காரர்கள் ‘சமவாய்ப்பு மாதிரி’ என்று சொல்வது இந்தக் கிளறிவிடுதலைத்தான். பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தேர்வாகும் வாய்ப்பு இருக்க வேண்டும். அந்த வாய்ப்பு எவ்வளவு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எடுப்பவரின் விருப்பு வெறுப்புக்கு அதில் இடம் இருக்கக்கூடாது. ஆனால் அதற்கு முதலில் ஒரு பட்டியல் வேண்டும். வேலை செய்பவர்களின் பட்டியல் ஆலையில் இருக்கிறது. வேலை மறுக்கப்பட்டவர்களின் பட்டியல் எங்கே இருக்கிறது? வாசலில் நின்று திரும்பியவளுக்கு யாரும் ரசீது தருவதில்லை.

ஆகவே ஆய்வாளர் வருவதற்கு முன்பே ஆலை ஒரு மாதிரித் தேர்வை முடித்துவிட்டது என்று நான் வாசிக்கிறேன். சுங்குவார்சத்திரத்தில் மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் துண்டறிக்கைகளை நின்று படித்திருக்கிறேன். வயது இவ்வளவு, படிப்பு இவ்வளவு, தங்குமிடம், சாப்பாடு, கம்பெனி பஸ். ஆய்வேட்டில் ‘சேர்க்கை வரையறை, விலக்கல் வரையறை’ என்று எழுதுகிறோமே, அதேதான். ராய்ட்டர்ஸ் பார்த்த முகவர்களின் விளம்பரங்களில் ‘மணமாகாத’ என்ற சொல்லும் இருந்தது. சில மாதங்களுக்குப் பிறகு, விளம்பரங்களில் வயது, பால், திருமணம் பற்றிக் குறிப்பிட வேண்டாம் என்று ஃபாக்ஸ்கான் முகவர்களுக்குச் சொன்னதாகவும் செய்தி வந்தது. விளம்பரத்திலிருந்து சொல் போய்விட்டது நல்லதுதான். இனி அதை விளம்பரத்தை வைத்து நிரூபிக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெண்ணுடலை விலக்கல் வரையறையாக வைப்பது ஆலைகளின் கண்டுபிடிப்பு அல்ல. ஆய்வுக்கூடங்களும் வைத்தன. 1977இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களை மருந்துச் சோதனைகளின் தொடக்கக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டியது. 1993 வரை அது மாறவில்லை. ஆண் உடலில் சோதித்த மருந்தைப் பெண்களும் விழுங்கினார்கள். நம் இலக்கியத்துக்கும் இதில் விலக்கில்லை. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்கிறார்கள். நான்கடி முதல் எட்டடி வரை என்ற அளவு நமக்குத் தெரியும். அதற்குள் வந்தவற்றில் எதை, ஏன் தள்ளினார் என்பது தெரியாது. தள்ளப்பட்ட பாட்டைப் பாடியவள் யார் என்று வெள்ளிவீதியாரிடம் கேட்டுப் பயனில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வுக்குழு தன் ஆங்கில வினாநிரலைத் தமிழாக்கித் தரும்படி என்னைக் கேட்டது. ஒரகடம் வட்டாரத்து ஆலைகளில் வேலை செய்யும் இளம்பெண்களின் உடல்நலம் பற்றிய ஆய்வு. என் தமிழ் அவர்களுக்குப் புரிகிறதா என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் ஒரு தனியார் விடுதிக்குப் போனேன். விடுதிக் காப்பாளர் பத்துப் பேரைக் கூடத்தில் வரிசையாக உட்கார வைத்திருந்தார். எல்லோரும் தலை சீவிப் பொட்டு வைத்திருந்தார்கள். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். உடம்பு முடியாதவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். உடல்நலம் பற்றிய ஆய்வுக்கு உடம்பு நன்றாக இருப்பவர்களாகப் பார்த்துத் தந்திருந்தார்கள். அறிக்கையில் இதற்கு ‘வசதி மாதிரி’ என்று பெயர். யாருடைய வசதி என்று கேட்கும் வழக்கம் முறையியலில் இல்லை. (‘ஐம்பது பேர்’, ‘நூறு பேர்’ என்று ஆய்வேடுகள் எடுப்பதும் விழுக்காடு போட வசதியாகத்தான். நான் கலந்துகொண்ட வாய்மொழித் தேர்வுகளில் ஏன் ஐம்பது என்ற கேள்விக்கு யாரும் பதில் சொன்னதில்லை. என் ஆய்வேட்டில் என்னையும் யாரும் கேட்கவில்லை.)

வினாநிரலில் ஐந்தாவது கேள்வி ‘மணமானவரா?’ ஒரு பெண் பக்கத்திலிருந்த தோழியைப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்றாள். நாங்கள் கிளம்பும்போது படியிறங்கி வந்து, “ஆயிடுச்சுக்கா. கம்பெனியிலயும் தெரியாது, ஹாஸ்டல்லயும் தெரியாது. எழுதிடாதீங்க” என்றாள். அவள் கால்விரலில் மெட்டி இல்லை. இருந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. படிவத்தில் ‘இல்லை’ என்றே விட்டேன். தரவு பிழை என்று தெரிந்தே விட்டேன். இன்று கேட்டாலும் அப்படியே விடுவேன். ஆனால் அன்றிலிருந்து, எந்த ஆலையும் தன்னிடம் மணமான பெண்கள் இவ்வளவு பேர் என்று எண்ணைத் தரும்போது, அது மணமானதைச் சொல்லத் துணிந்தவர்களின் எண் என்றே படிக்கிறேன். மறைத்து உள்ளே வந்தவள் பாகுபாட்டின் முதல் சாட்சி. அவளைத்தான் அந்தப் பட்டியல் ‘மணமாகாதவர்’ பக்கத்தில் சேர்த்திருக்கும்.

இங்கே ஒரு மறுப்பு வரும். எனக்கே வந்தது. பத்திரிகையாளர்கள் மட்டும் சமவாய்ப்பு மாதிரி எடுத்தார்களா? வாசலில் கிடைத்தவர்களிடம் பேசினார்கள், ஒருவர் காட்டிய இன்னொருவரிடம் போனார்கள். இதற்கு ஆய்வுலகில் ‘பனிப்பந்து மாதிரி’ என்று பெயர். 1961இல் லியோ குட்மன் என்ற புள்ளியியலாளர் இதைக் கணக்காக எழுதினார். பனியே பெய்யாத ஒரகடத்தில் நம் மாணவிகள் பனிப்பந்து என்று எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரும். ‘கைகாட்டி மாதிரி’ என்றால் என்ன குறைந்துவிடும்? ஒருத்தி இன்னொருத்தியைக் கைகாட்டுகிறாள், அவ்வளவுதான். இம்முறையில் எத்தனை விழுக்காடு என்று சொல்ல முடியாது. தொடக்கத்தில் பிடித்தவள் யாரோ அவளுடைய ஊர், அவளுடைய சாதி, அவளுடைய அறைத்தோழிகளையே சுற்றிச்சுற்றி வரும். தலித் குடியிருப்பிலிருந்து வந்தவள் ஊர்த்தெருக்காரியைக் கைகாட்டுவதும், ஊர்த்தெருக்காரி அவளைக் கைகாட்டுவதும் அவ்வளவு எளிதில் நடப்பதில்லை.

ஆனால் இரண்டு தரப்பும் நிறுவ வேண்டியது ஒன்றல்ல. ‘இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது’ என்று சொல்ல, திருப்பி அனுப்பப்பட்ட சிலரும் அனுப்பச் சொன்னதை அறிந்த சிலரும் ஒன்றையே சொன்னால் போதும். எத்தனை பேர் என்பது பிறகு. ‘இப்படி ஒரு வழக்கம் இல்லை’ என்று சொல்ல நாற்பது பேர் போதாது. நானூறு பேரும் போதாது, அவர்கள் எல்லோரும் உள்ளே இருப்பவர்கள் என்றால். மாதிரியின் அளவைப் பெரிதாக்கினால் உண்மை நெருங்கும் என்ற நம்பிக்கை நம் மாணவிகளிடம் ஆழமாக இருக்கிறது. தவறான வாசலில் நின்றுகொண்டு எண்ணிக்கையைக் கூட்டினால் தவறு உறுதிப்படும், வேறொன்றும் ஆகாது.

தேசிய மனித உரிமை ஆணையமும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. 2024 நவம்பரில் அது தொழிலாளர் துறையின் அறிக்கைகளில் நிறைவடையாமல் மீண்டும் விசாரிக்கச் சொன்னது. இப்போது எத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள் என்பது, ஆளெடுக்கும்போது மணமானவர்கள் ஒதுக்கப்பட்டார்களா என்ற கேள்விக்குப் பதிலாகாது என்பது அதன் நிலை. ஆளெடுப்பு ஆவணங்களை அதிகாரிகள் பார்க்கவில்லை என்பதையும் அது குறையாகச் சொன்னது.

‘மணமானவள் அடிக்கடி விடுப்பு எடுப்பாள்’ என்ற காரணத்தையும் விட்டுவிடக்கூடாது. அதுவும் ஒரு மாதிரியிலிருந்து வந்த முடிவுதான். யாரை, எத்தனை மாதம், யாரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்? காய்ச்சலில் படுத்த மணமாகாத பெண்ணின் விடுப்பு அவள் கணக்கில் எழுதப்படுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மணமானவள் எடுக்கும் விடுப்பு மணமான பெண்கள் எல்லோர் கணக்கிலும் எழுதப்படுகிறது. 1965இலேயே உச்ச நீதிமன்றத்தில் இந்த வாதம் வந்தது. பம்பாயில் ஒரு மருந்து நிறுவனம், பொட்டலமிடும் பிரிவில் வேலை செய்யும் பெண்கள் திருமணமானால் வேலையை விட்டுவிட வேண்டும் என்று விதி வைத்திருந்தது. குழுவாகச் செய்யும் வேலை, மணமானவர்கள் வராமல் போனால் கெட்டுவிடும் என்றது. தொழிற்சங்கம் வழக்குப் போட்டது. நீதிமன்றம் அந்தக் காரணத்தை ஏற்கவில்லை. மகப்பேற்று விடுப்பைத் தவிர மணமானவள் மற்றவர்களைவிட அதிகம் வராமல் போவாள் என்று நினைக்க ஆதாரமில்லை என்று விதியை நீக்கியது. வேலையில் இருப்பவளை வெளியேற்றுவது பற்றிய தீர்ப்பு அது. வாசலிலேயே நிறுத்தப்படுகிறவளுக்குச் சட்டத்தில் இடம் குறைவு. அமைச்சகம் காட்டிய, 2025 வரை நடைமுறையில் இருந்த சம ஊதியச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு ஆளெடுப்பில் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டைத் தடுத்தது. ஆணை எடுத்துப் பெண்ணை விடுவதுதான் அதன் கண்ணில் பாகுபாடாக இருந்தது. பெண்ணுக்குள்ளேயே தாலியைப் பார்த்துப் பிரிப்பதை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை.

பட்டியல் யார் கையில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இதே தொழிலாளர்கள் முன்பே ஒரு முறை காட்டியிருக்கிறார்கள். 2021 டிசம்பரில் இந்த ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் நோய்வாய்ப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கூட இருந்தவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்லப்படவில்லை. சிலர் இறந்துவிட்டதாகப் பேச்சு பரவியது. இரவோடு இரவாகப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் முதன்மையானது ஒரு வருகைப்பதிவேடு என்றே சொல்லலாம்: எங்கள் அறையில் இருந்தவள் எங்கே? ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்தது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. ‘பிரதிநிதிகளாகச் சிலரைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், பேசலாம்’ என்பது போராட்டங்களில் அதிகாரம் வழக்கமாகச் சொல்வது. அதுவும் மாதிரித் தேர்வுதான். அன்றிரவு சாலையில் உட்கார்ந்தவர்களை அப்படிச் சுருக்க முடியவில்லை.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதியை முதலமைச்சர் திறந்துவைத்தார். 706.5 கோடி ரூபாய்ச் செலவு. தகரக் கூரை அறையில் பத்துப் பேராக நெருங்கிக் கிடந்ததைவிட இது மேல், அதில் எனக்கு ஐயமில்லை. அறை எண், படுக்கை எண் எல்லாம் வரிசையாக இருப்பதால் இனி ஆய்வாளர்கள் இங்கேதான் வருவார்கள் என்றும் நினைக்கிறேன். மாதிரிச் சட்டகத்துக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. வாயிலில் அனுமதி வாங்க வேண்டும், அவ்வளவுதான். குழந்தை உள்ளவளுக்கு அந்தப் படுக்கைகளில் ஒன்று இல்லை.

அப்படியானால் வெளியே இருப்பவளை எப்படித் தேடுவது? முடியாத காரியம் அல்ல. வேலைக்கு மனுச் செய்யும்போது பாகுபாடு இருக்கிறதா என்று அறிய, சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் ஒரு வழியைக் கையாண்டார்கள். தகுதி ஒத்த மனுக்களை, சாதியும் மதமும் தெரிகிற பெயர்களை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். யாருக்கு அழைப்பு வருகிறது என்று எண்ணினார்கள். யாரையும் ‘உங்களுக்குப் பாகுபாடு நடந்ததா’ என்று கேட்கவே வேண்டியதில்லை. பெயருக்குப் பதில் ‘மணமானவர்’ என்ற ஒரு வரியை மாற்றி அனுப்பினால் தீர்ந்தது. வாயிலில் நேரில் பார்த்து எடுக்கிற வேலைகளுக்கு இது முழுக்கப் பொருந்தாது என்பது உண்மை.

இன்னொரு வழி, கேள்வியை ஆலையிலிருந்து ஊருக்கு எடுத்துப்போவது. கம்பெனி பஸ்கள் கிளம்பும் ஊர்களில் அரசு மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் அங்கே பிளஸ் டூ முடித்த பெண்கள் எல்லோரின் பெயரும் பதிவேட்டில் இருக்கிறது. ஆலைக்குப் போனவள், போய்த் திரும்பியவள், போய்ப் பார்த்து மறுக்கப்பட்டவள், வீட்டில் விடாததால் போகாதவள், அந்தப் பக்கமே நினைக்காதவள் எல்லோரும் அதில் ஒரே வரிசையில் இருக்கிறார்கள். எந்த ஆலையும் சலிக்காத பட்டியல் அது. அதில் குலுக்கல் முறையில் எடுத்துத் தேடிப் போகலாம். பள்ளியை இடையில் விட்டவள் அதிலும் விடுபடுவாள் என்பதை மறக்காமல் எழுத வேண்டும்.

1930களில் வங்கத்துச் சணல் விளைச்சலைக் கணக்கிட்ட மகலனோபிஸ், ஒரே பகுதியை இரண்டு தனித்தனிக் குழுக்களை வைத்து அளக்கச் செய்தார். விவசாயியை மட்டும் சந்தேகப்படாமல், அளப்பவரின் கையையும் சந்தேகப்படுவதற்கான ஏற்பாடு அது. விடுதிக் காப்பாளர் தந்த பத்துப் பேரிடம் ஒரு குழு, பள்ளிப் பதிவேட்டிலிருந்து எடுத்த பத்துப் பேரிடம் இன்னொரு குழு ஒரே வினாநிரலோடு போனால், இரண்டு விடைகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் நமக்கு வேண்டிய கண்டுபிடிப்பு.

என் மாணவி ஒருத்தி முதுகலைத் திட்டக்கட்டுரைக்கு இதைச் சின்ன அளவில் செய்துபார்க்கிறாள், அவள் படித்த பள்ளியிலேயே. தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கிப் பெயர்களை எழுதிச் சீட்டுப் போட்டு எடுத்தாள். பதிவேட்டில் தொலைபேசி எண்களும் இருந்ததால் வேலை பாதி முடிந்தது என்று நினைத்தோம். எல்லாம் அப்பாக்களின் எண்கள். சில அண்ணன்களுடையவை. “அவ கட்டிக்கொடுத்த ஊர்ல இருக்கா, நீ யாரு?” என்று கேட்டு வைத்துவிடுகிறார்கள். இப்போது அவள் ஒவ்வொரு சீட்டுக்கும் ஊரைத் தேடிப் பேருந்தில் போய்க்கொண்டிருக்கிறாள். திட்டக்கட்டுரையை ஏப்ரலுக்குள் கொடுக்க வேண்டும். கூடுதல் நாள் கேட்டுத் துறைத்தலைவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.